தராசில் ஒரு கணுக்கால்

2012 மார்ச் 19, ஓக்லாந்து. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கூடைப்பந்து அணி தன் பழைய நாயகன் கிறிஸ் மல்லினின் 17ஆம் எண் சட்டையை அரங்கின் கூரையில் ஏற்றி மரியாதை செய்யும் இரவு. வாழ்த்துச் சொல்ல அணியின் உரிமையாளர் ஜோ லேக்கப் ஒலிபெருக்கியைப் பிடித்ததும் கூட்டம் ஊளையிடத் தொடங்கியது. அது அடங்கவே இல்லை. விழா நாயகனான மல்லினே குறுக்கே வந்து சமாதானம் சொன்னார். பிறகு ரிக் பேரி என்ற இன்னொரு பழைய நட்சத்திரம் வந்து ரசிகர்களைக் கடிந்துகொண்டார். கூச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை.

காரணம், ஆறு நாளுக்கு முன் நடந்த ஒரு கொடுக்கல் வாங்கல். ஆட்டத்துக்கு இருபது புள்ளிகளுக்கு மேல் குவித்துக்கொண்டிருந்த மான்டா எல்லிஸை, ஊரே கொண்டாடிய பிள்ளையை, வாரியர்ஸ் மில்வாக்கி அணிக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வந்தவர் மெல்பர்னில் பிறந்த ஏழடி உயரக்காரர் ஆண்ட்ரூ போகட். அந்த ஜனவரியில்தான் அவருக்குக் கணுக்கால் முறிந்திருந்தது. அந்தப் பருவத்தில் 12 ஆட்டங்கள் மட்டுமே ஆடியிருந்தார், மிச்சப் பருவம் முழுக்க ஆட முடியாது. ஓடுகிற குதிரையைக் கொடுத்து நொண்டிக் குதிரையை வாங்கிய கதை என்று ரசிகர்கள் நினைத்ததில் வியப்பில்லை.

மெல்பர்னுக்கும் காயத்தை எடை போடும் இந்தத் தராசுக்கும் ஏதோ ஒட்டுறவு இருக்கிறது. அமெரிக்க என்பிஏ கூடைப்பந்துச் சங்கத்தின் ஆண்டுப் புதுமுக வீரர் தேர்வில் முதலாவதாக அழைக்கப்பட்டவர்களில் மூவர் அந்த நகரில் பிறந்தவர்கள்: 2005இல் போகட், 2011இல் கைரி இர்விங், 2016இல் பென் சிமன்ஸ். இர்விங்கின் அப்பா மெல்பர்னின் புலீன் கிளப்பில் ஆட வந்த இடத்தில் பிறந்தவர் அவர், வளர்ந்தது அமெரிக்காவில். சிமன்ஸின் அப்பாவும் மெல்பர்ன் டைகர்ஸ் அணிக்கு ஆட வந்த அமெரிக்கர்தான். மூவருமே பெரிய காயங்களைச் சுமந்தவர்கள். மூவருமே கைமாற்றப்பட்டவர்கள்.

காயப்பட்ட ஒரு நட்சத்திர வீரரை வாங்கலாமா, கொடுக்கலாமா என்பது பார்வைக்கு வெறும் கணக்கு. இத்தனை புள்ளி, இத்தனை கோடி, இத்தனை ஆட்டம் என்று கூட்டிக் கழித்தால் விடை வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் கணக்குக்கு அடியில் பழையதொரு கேள்வி கிடக்கிறது: ஒரு மனிதனின் உடம்பை இன்னொருவர் எடை போடலாமா?

தமிழுக்கு இந்தத் தராசு புதிதல்ல. பருந்துக்குப் பயந்து மடியில் விழுந்த புறாவுக்கு ஈடாகத் தன் தொடைச் சதையை அறுத்துத் தட்டில் வைத்த சிபியைத் தங்கள் முன்னோன் என்று சொல்லிக்கொண்டவர்கள் சோழர்கள். பாண்டியன் அவையில் நின்ற கண்ணகி தன் ஊர்ப் பெருமையைச் சொல்லும்போது முதலில் எடுத்தது அந்தப் புறாக் கதையைத்தான், கன்றை இழந்த பசுவின் கதையை அதற்கு அடுத்துத்தான் சொல்கிறாள். (அந்த வழக்கே கணுக்காலில் அணியும் ஒரு நகையை விற்கப்போய் வந்த வினை என்பது வேறு விஷயம்.) சிபி எவ்வளவு அறுத்து வைத்தும் புறா இருந்த தட்டு மேலெழவில்லை. கடைசியில் அவனே ஏறி உட்கார்ந்த பிறகுதான் முள் நேரே நின்றது.

இக்கதையைத் தியாகத்துக்குச் சான்றாகவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சிபி வைத்தது தன் சதை. அமைச்சனுடையதோ படைவீரனுடையதோ அல்ல. கோயில்களில் துலாபாரம் கொடுப்பவரும் தானோ தன் பிள்ளையோ தட்டில் ஏறித்தான் எடைக்கு எடை வெல்லம் வைக்கிறார். கால் வலி தீர வேண்டி வெள்ளித் தகட்டில் கால் உருவம் வாங்கி உண்டியலில் போடுவது வலித்தவர், இல்லையென்றால் அவருக்காக அழுதவர். உடம்பைத் தராசில் வைப்பதை நம் மரபு தடுக்கவில்லை. வைப்பது யார் என்பதில்தான் அதன் கண் இருந்தது.

இதை ஓரமாக வைத்துக்கொண்டு போகட்டிடம் திரும்பலாம். ‘அடிக்கடி அடிபடுகிறவர்’ என்ற முத்திரை அவர் மேல் எப்படி விழுந்தது?

2008–09 பருவத்தில் கீழ் முதுகெலும்பில் கீறல், 36 ஆட்டங்களோடு சரி. அடுத்த ஆண்டு மீண்டு வந்து வாழ்க்கையின் சிறந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். 2010 ஏப்ரல் 3ஆம் தேதி ஃபீனிக்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் தனியாக ஓடிப்போய் வளையத்தில் பந்தை அழுத்திய நொடியில் பின்னாலிருந்து ஓர் இடி. வளையத்திலிருந்து பிடி நழுவி வலக்கை அடியில் மடங்க விழுந்தார். முழங்கை மூட்டு விலகியது, கை எலும்பு முறிந்தது, மணிக்கட்டு சுளுக்கியது. அதன் பிறகு அந்தக் கை முழுதாக நிமிரவில்லை, எறிதலின் நயமும் போயிற்று. அப்படியும் அடுத்த பருவத்தில் எதிராளிகளின் எறிதல்களைத் தடுப்பதில் சங்கத்திலேயே முதலிடம் பிடித்தார். பிறகு 2012இல் கணுக்கால், அதுவும் துள்ளி இறங்குகையில் இன்னொருவர் காலின் மேல் பாதம் விழுந்ததால்.

முதுகெலும்புக் கீறலை உடம்பின் இயல்பு என்று சொல்லலாம். ஏழடி உடம்பைச் சுமக்கும் எலும்புக்கு அது வரக்கூடியதே. முழங்கையும் கணுக்காலும் அப்படியா? பின்னாலிருந்து இடித்த கையும் கீழே கிடந்த காலும் போகட்டுடையவை அல்ல. இருந்தும் மூன்றையும் ஒரே பட்டியலில் எழுதிப் பார்த்தால் அது தலையெழுத்துப் போலத் தெரிகிறது. நம் ஊரில் இதற்கு ‘ராசியில்லாதவன்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம், அமெரிக்கப் பத்திரிகைகள் அதையே மருத்துவ உடுப்புப் போட்டு எழுதுகின்றன. நேர்ந்ததைக் குணமாக மாற்றும் தந்திரம் இரண்டிலும் ஒன்றுதான்.

முழுப் பொய்யும் இல்லை அது. ஒருமுறை அடிபட்ட தசை மறுபடி அடிபடும் வாய்ப்பு அதிகம் என்பது விளையாட்டு மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துச் சொத்தை இருக்கிறதா என்று பார்ப்பவரை யாரும் பாவி என்பதில்லை. ஆனால் புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதற்கும் நேற்று எரிந்த வீடு நாளையும் எரியும் என்பதற்கும் இடையே தூரம் உண்டு. அதே 2012இல் வாரியர்ஸிடம் இன்னொரு கணுக்கால் நோயாளி இருந்தார். 66 ஆட்டங்களாகச் சுருங்கிய அந்தப் பருவத்தில் 26 மட்டுமே ஆடி, ஏப்ரலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அந்த அக்டோபரில் நான்கு ஆண்டுக்கு 44 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டபோது, இந்தக் காலுக்கா இத்தனை என்று கேட்டவர்கள் உண்டு. அவர் பெயர் ஸ்டீபன் கரி. எந்த முத்திரையும் அவர் விஷயத்தில் ஒட்டவில்லை.

எல்லிஸ்–போகட் மாற்றம் சரியா தவறா என்று தீர்ப்பெழுத விளைவுகளைப் பார்ப்பதுதான் எளிய வழி. பார்த்தால் தலை சுற்றும். 2013இல் டென்வரை வீட்டுக்கு அனுப்பிய ஆட்டத்தில் போகட் 21 முறை பந்தை மீட்டெடுத்தார், ஊளையிட்ட அதே அரங்கம் எழுந்து நின்றது. 2014இல் பருவத்தின் இறுதிச் சுற்றுகளான பிளேஆஃப் நேரத்தில் விலா எலும்பு முறிவு. 2015இல் வாரியர்ஸ் நாற்பது ஆண்டுக்குப் பின் கோப்பை வென்றது. மாற்றம் சரி என்று அடித்துச் சொல்லலாமே என்றால், அந்த இறுதித் தொடரின் நான்காம் ஆட்டத்திலிருந்து தொடக்க ஐவரில் போகட் இல்லை. 2016இல் 73 வெற்றிகளோடு வந்த அணி, கிளீவ்லாண்டுக்கு எதிரான இறுதித் தொடரில் 3–1 என்று முன்னிலையில் இருந்தபோது ஐந்தாம் ஆட்டத்தில் போகட்டின் முழங்கால் போயிற்று. தொடரும் கை நழுவியது. ஏழாம் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் வாரியர்ஸின் கதையை முடித்த மூன்று புள்ளி எறிதல் அன்று கிளீவ்லாண்டில் இருந்த இன்னொரு மெல்பர்ன் பிறவியான இர்விங்குடையது.

அடுத்த ஆண்டு கிளீவ்லாண்ட் அணிக்குப் போன போகட் அங்கே ஆடியது மொத்தம் 58 வினாடி. முதல் ஆட்டத்திலேயே முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

விளைவை வைத்துச் செயலை அளந்தால் அதே முடிவு 2015இல் ஞானம், 2016இல் மடமை, இடையில் பலமுறை இரண்டும். இது விளையாட்டுக்கு மட்டும் வரும் சிக்கலும் அல்ல. 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற தத்துவவாதி எழுதிய கட்டுரையிலும் அதற்குப் பதிலாகத் தாமஸ் நேகல் என்ற இன்னொருவர் எழுதியதிலும் இதற்கு ‘ஒழுக்கத்தில் அதிர்ஷ்டம்’ என்று பெயர் வைத்தார்கள். கையில் இல்லாத ஒன்றுக்காக ஒருவரை எப்படிப் புகழ்வது, எப்படிப் பழிப்பது என்பது அவர்கள் கேள்வி. வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் ஏற்கெனவே அங்கே நின்றுவிட்டுத்தான் போயிருக்கிறார். குணத்தையும் குற்றத்தையும் எண்ணிப் பார்த்து மிகுந்ததைக் கொண்டு முடிவெடு என்பது அவர் வழி. அதிகாரத்தின் கடைசிக் குறள் இன்னும் கூர்மையானது: ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் அவரையே சந்தேகிப்பதும் தீராத துன்பம் தரும் என்கிறார். வெற்றி தோல்வியைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. தேர்ந்த விதத்தைத்தான் அவர் பார்க்கிறார்.

அந்தக் கண்ணில் 2012இன் முடிவு தேறுகிறது. 1994க்குப் பின் அந்த அணி பிளேஆஃப் பார்த்தது 2007இல் ஒரே ஒரு முறை. எல்லிஸ், கரி என்று குட்டையான இரண்டு கார்டுகளை, அதாவது வெளிவட்ட ஆட்டக்காரர்களை, வைத்துக்கொண்டு எதிரணியைத் தடுக்க முடியவில்லை. வளையத்தைக் காக்கும் நெட்டையான நல்ல சென்டர் சந்தையில் கிடைப்பது குதிரைக்கொம்பு, உடம்பு முழுசாக இருந்திருந்தால் போகட்டும் கிடைத்திருக்க மாட்டார். முறிந்த எலும்பு கூடும் என்று மருத்துவர்களைக் கேட்டுத்தான் வாங்கினார்கள். கூடியது.

ஆனாலும் அந்தக் கணக்கில் ஒரு கறுப்பு வரி உண்டு. அந்த ஆண்டின் தேர்வு உரிமை முதல் ஏழு இடங்களுக்குள் விழாவிட்டால் அதை யூட்டா அணிக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் வாரியர்ஸுக்கு முன்பே இருந்தது. தோற்கும் அணிக்கே முன்னிடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், தோற்றால்தான் லாபம். ஆடும் எல்லிஸைக் கொடுத்து, ஆட முடியாத போகட்டை வாங்கி, கரியையும் உட்கார வைத்த அணி அந்தப் பருவத்தில் மொத்தம் 43 ஆட்டங்களில் தோற்றது. ஏழாவது இடம் கிடைத்தது, ஹாரிசன் பார்ன்ஸ் வந்தார். ஒருவன் காயம் ஆறுவதற்காகக் காத்திருப்பது வேறு, அவன் காயத்தோடு உட்கார்ந்திருப்பதே வசதி என்பது வேறு. இங்கே இரண்டும் ஒன்றாகக் கலந்திருந்தன.

எதிர்த்தட்டுக்கு ஒரு கதை வேண்டுமென்றால் ஐசையா தாமஸ். ஐந்தடி ஒன்பது அங்குலம். 2011 தேர்வில் இர்விங் முதல் ஆள் என்றால் தாமஸ் அறுபதாவது, அதாவது கடைசி ஆள். 2016–17இல் பாஸ்டன் செல்டிக்ஸுக்காக ஆட்டத்துக்கு 28.9 புள்ளிகள். மார்ச்சில் இடுப்பு மூட்டில் அடி. ஏப்ரல் 15ஆம் தேதி தங்கை கார் விபத்தில் இறந்தார், மறுநாள் பாஸ்டனின் முதல் பிளேஆஃப் ஆட்டம், தாமஸ் களத்தில் இருந்தார். மே 2ஆம் தேதி, தங்கையின் பிறந்தநாள் அன்று, 53 புள்ளிகள். அந்த இடுப்போடு ஆடி ஆடி, கிளீவ்லாண்டுக்கு எதிரான தொடரின் இரண்டாம் ஆட்டத்தோடு அவர் உடம்பு கைவிட்டது.

ஆகஸ்ட் 22ஆம் தேதி செல்டிக்ஸ் அவரை அதே கிளீவ்லாண்டுக்குக் கொடுத்து இர்விங்கை வாங்கியது. கிளீவ்லாண்ட் மருத்துவர்கள் தாமஸின் இடுப்பைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஒரு வாரம் பேரம் நடந்தது. முடிவில் 2020ஆம் ஆண்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றை மேலே போட்டு விஷயத்தை முடித்தார்கள். காய்கறிக்காரர் கடைசியில் ஒரு கொத்து கறிவேப்பிலை போடுவாரே, அந்தக் கொசுறு. ஓர் ஊருக்காகத் தேய்ந்த மூட்டின் தேய்மானத்துக்கு அன்று போட்ட விலை அது.

இர்விங் சிறந்த வீரர்தான், கணக்காகப் பார்த்தால் பாஸ்டன் செய்தது புத்திசாலித்தனமும்கூட. அறமாகப் பார்த்தால்? போகட்டின் கணுக்காலை எடை போட்டவர்கள் அதன் ஆபத்தைத் தாங்களே சுமந்துகொண்டார்கள், அவர் ஆடாவிட்டால் நட்டம் அவர்களுக்கு. தாமஸின் இடுப்பு தேய்ந்ததால் வந்த பயன் பாஸ்டனுக்கு, நட்டம் தாமஸுக்கு. கிளீவ்லாண்டில் 15 ஆட்டம், பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ், அதற்கடுத்த ஆண்டு டென்வரில் குறைந்தபட்ச ஊதியம். சிபி செய்ததைத் தலைகீழாகச் செய்வது என்றால் இதுதான். காயத்தைப் பார்த்து விலை குறைப்பதில் குற்றமில்லை. தனக்காகப் பட்ட காயத்தையே சொத்தை என்று தள்ளுவதில் இருக்கிறது.

சிமன்ஸ் விஷயம் சிக்கலானது. 2021–22 பருவத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்காக அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. மனநலம் சரியில்லை என்றார், அணி நம்பவில்லை, ஊரும் நம்பவில்லை. 2022 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஹார்டனுக்கு மாற்றாக புரூக்ளினுக்கு அனுப்பப்பட்டார். அங்கே முதுகில் வலி என்றபோது அதையும் பலர் நம்பவில்லை. மே மாதம் முதுகில் அறுவை சிகிச்சை, 2024 மார்ச்சில் மறுபடியும். எலும்பு முறிந்தால் படம் எடுத்துக் காட்டலாம், மனம் முறிந்தால் எதைக் காட்டுவது? அவர் ஆட்டத்தைக் கடுமையாக விமர்சிக்க இடம் நிறைய உண்டு. வலியைப் பொய் என்று சொன்னவர்களில் எத்தனை பேர் அறுவை சிகிச்சைக்குப் பின் மன்னிப்புக் கேட்டார்கள் என்பதும் விசாரிக்க வேண்டியதே.

போகட், தாமஸ், சிமன்ஸ் என்ற இந்த மூவரில் எவரிடமும் சங்கத்தின் விதிகள் ‘உனக்குச் சம்மதமா’ என்று கேட்கச் சொல்லவில்லை. என்பிஏயில் மறுக்கும் உரிமை எழுதி வாங்கிய வீரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. மெல்பர்ன்காரருக்கு இது விசித்திரமாகப் படும். அந்த ஊரின் உயிரான ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரை மாற்ற வேண்டுமென்றால் அவர் தலையசைக்க வேண்டும். நம் ஐபிஎல்லிலும் அப்படியே. 2025இல் ஜடேஜா சென்னையை விட்டு ராஜஸ்தானுக்குப் போனதும் சஞ்சு சாம்சன் இங்கே வந்ததும் அவர்கள் சம்மதத்தோடுதான். சம்மதம் எவ்வளவு மனதார, எவ்வளவு நெருக்கடியில் என்பதை வெளியாள் அறிய முடியாது. ஆனால் கேட்டாக வேண்டும் என்ற விதி ஒன்று இருப்பதே தராசின் முள்ளை நகர்த்துகிறது.

அமெரிக்கா இதைக் கேட்காமல் இல்லை. 1969இல் பேஸ்பால் வீரர் கர்ட் ஃப்ளட், செயின்ட் லூயிஸிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றப்பட்டபோது போக மறுத்தார். தான் வாங்கி விற்கும் சொத்து அல்ல என்று ஆணையருக்குக் கடிதம் எழுதினார். 1972இல் உச்ச நீதிமன்றம் 5–3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர் ஆட்ட வாழ்க்கை அதற்குள் முடிந்துவிட்டது. பெருஞ்சம்பளம் வாங்குகிறவருக்கு என்ன அடிமைத்தனம் என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். துலாபாரத் தட்டில் தங்கத்தை வைத்தாலும் எதிர்த்தட்டில் ஏற்றப்பட்டவரை ஏற்றியது யார் என்ற கேள்வி தீர்வதில்லை.

போகட் 2018இல் நாடு திரும்பி சிட்னி கிங்ஸ் அணியில் சேர்ந்தார். யாரையும் கொடுத்து யாரும் அவரை வாங்கவில்லை. முதுகு, முழங்கை, கணுக்கால், விலா, முழங்கால், கால் எலும்பு என்று முறியாத இடம் குறைவான 33 வயது உடம்பை அவரே கொண்டுவந்து கொடுத்தார். முதல் பருவத்திலேயே ஆஸ்திரேலிய லீகின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கு.

அதே சிட்னியில், ஹோம்புஷ் தமிழ்க் கடைகளிலிருந்து சற்றுத் தள்ளி உள்ள ஒலிம்பிக் பூங்கா அரங்கில், இன்னொரு உடம்பின் கதை நிறைவுக்கு வந்தது. சிட்னியிலிருந்து மெல்பர்ன் போகும் நெடுஞ்சாலையில் உள்ள ஆல்பரியில் பிறந்தவர் லாரன் ஜாக்சன். 2001இல் அமெரிக்கப் பெண்கள் லீகின் முதல் தேர்வு. சியாட்டில் ஸ்டார்ம் அணிக்கு இரண்டு கோப்பைகள், மூன்று முறை ஆண்டின் சிறந்த வீராங்கனை. கடைசி ஆண்டுகள் காயத்திலேயே போயின: 2011இல் 13 ஆட்டம், 2012இல் 9. ஸ்டார்ம் அவரை யாருக்கும் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் அவர் ஆடிய ஒரே அணி அதுதான். முழங்கால் பலமுறை கத்தியைக் கண்ட பின் 2016 மார்ச்சில் விடைபெற்றார். அந்த ஜூலையில் ஸ்டார்ம் அவரது 15ஆம் எண் சட்டையைக் கூரையில் ஏற்றியது. யாரும் ஊளையிடவில்லை.

யாக்கை நிலையாமையைப் பாடிய திருமூலரே, உடம்பை முன்பு இழிவாக நினைத்திருந்ததாகவும், உள்ளிருக்கும் பொருளைக் கண்ட பின் அதைப் பேணுவதாகவும் இன்னோரிடத்தில் பாடுகிறார். நிலையாதது என்பதும் பேணத்தக்கது என்பதும் ஒரே நூலில் சண்டையில்லாமல் இருக்கின்றன. விளையாட்டுச் சந்தை முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது.

ஆறு ஆண்டு கழித்து, 41ஆம் வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பின், ஜாக்சன் மறுபடி ஆஸ்திரேலிய அணிக்குள் வந்தார். 2022 அக்டோபர் 1, சிட்னி, உலகக் கோப்பையின் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். ஆஸ்திரேலியா 95, கனடா 65. அதில் 30 புள்ளிகள் அந்த முழங்காலோடு வந்தவருடையவை.